பூசையில் வைத்த வில்

சாம்பவி தன் வான் வண்டியைக் கடை வாசலில் திருப்பும்போதே வெளியில் பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. கனடாவில், மொன்ட்ரியாலுக்கு அக்கரையில் இருக்கிற லொங்குய்யில், தன் கடைக்கு முன்னால் இத்தனை வண்டிகளை அவள் பார்த்து எவ்வளவோ காலம். சனிக்கிழமை வில் வேட்டை தொடங்குகிறது, இன்றைக்குப் புதன். வந்தவர்கள் வேறெதற்கு வந்திருப்பார்கள்? ஏற்றி வந்த சப்பாத்துப் பெட்டிகளை வானிலேயே விட்டுவிட்டு ஓடினாள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் அவள் அப்படி ஓடியதை அவளுடைய பிள்ளைகள் பார்த்திருந்தால் கட்டாயம் வீடியோ எடுத்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண் வேட்டைச் சாமான் கடை நடத்துகிறாள் என்றால் கலியாண வீட்டில் சனம் இன்னொரு தரம் திரும்பிப் பார்க்கும். காசாளராகச் சேர்ந்த இடம் அது. முதலாளி ஓய்வு பெற்றபோது துணிந்து கடையையே வாங்கிவிட்டாள். வாங்கிய கையோடு சட்டம் வந்தது. கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்றார்கள். பிறகு இன்ன இன்ன துப்பாக்கிக்குத் தடை என்றார்கள், அதன் பிறகு இன்னும் சிலவற்றுக்கு. விற்க முடியாத சரக்கு பின்னறையில் பூட்டிக் கிடந்து கடைசியில் அரசாங்கத்திடம் போனது. அதுகூடப் பெரிதில்லை. துப்பாக்கி வாங்க வந்தவன்தானே சப்பாத்தும் வாங்கினான்? செம்மஞ்சள் மேலங்கியும் கூடாரமும் சுடுதண்ணீர்ப் போத்தலும் அவன்தானே வாங்கினான்? அவன் வராமல் போகக் கம்பளிக் காலுறைகூட விலைப்படவில்லை. வடக்கே காட்டோரத்தில் வேட்டைக்காரருக்கு அறை விடுகிறவர்களும் போனில் இதே பாட்டைத்தான் பாடினார்கள்.

சும்மா இருந்து ஒப்பாரி வைக்கிற பிறவியில்லை சாம்பவி. எஞ்சியிருந்த வேட்டைத் துப்பாக்கிகளை மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர் முழுக்க வில்லும் குறுக்குவில்லுமாக மாட்டினாள். வில்லுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டாம், வேட்டைச் சான்றிதழ் இருந்தால் போதும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கோடை முழுக்கக் கடையில் ஈதான் ஓட்டினாள். கட்டடத்துச் சொந்தக்காரன், பற்றிக் என்று பெயர், பொறுமைசாலி. அவனே கடைசியில் வாய்விட்டுக் கேட்டுவிட்டான். இந்த இடத்தை ஒரு உடற்பயிற்சி நிலையம் வாடகைக்குக் கேட்கிறது, நீ தொடருகிறாயா, விடுகிறாயா, வியாழக்கிழமை மத்தியானம் வருகிறேன், பதில் சொல்லு என்றான். அந்த வியாழக்கிழமை நாளைக்கு.

சட்டத்தைக் கேட்டு மகிழ்ந்த ஆளும் அவள் வீட்டிலேயேதான் இருந்தார். அவள் புருசன் இரவிச்சந்திரன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஊரில் சோதனைச் சாவடியில் துப்பாக்கியைக் கழுத்தில் வைத்து முழங்காலில் இருத்தப்பட்டவர் அவர். சுவரில் துப்பாக்கி தொங்கிய காலம் முழுக்க மனைவியைக் காரில் கொண்டுவந்து விடுவார், பின்னேரம் வந்து ஏற்றுவார், வாசற்படி மட்டும் மிதித்ததில்லை. கடையை விடு என்று சொன்னதில்லை, நடத்து என்றும் சொன்னதில்லை. அந்த மௌனம் அவளைச் சட்டத்தைவிட அதிகமாக வாட்டியது.

இன்றைக்குச் சரஸ்வதி பூசை. வருசாவருசம் காசு மேசைக்குப் பக்கத்தில் அவளே ஒரு படத்தை வைத்து, கொஞ்சம் அவல் கடலை வைத்துக் கும்பிட்டுவிடுவாள். இந்த முறை மொன்ட்ரியால்-நோரில் உள்ள களஞ்சியத்துக்குச் சப்பாத்து எடுக்கப் போக வேண்டியிருந்தது. அவருக்குக் காலை பஸ் ஓட்டம் முடிந்திருந்தது. கடைக் கதவுத் திறப்பைக் கையில் கொடுத்து, ஒரு வேகத்தில், "இஞ்சப்பா, பூசையை நீங்களே வைச்சு விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். சாம்பிராணிப் புகை. சுவரில் ஒரு வில்கூட இல்லை. எல்லாம் கீழே, வெள்ளை விரிப்பின்மேல், படத்துக்கு முன்னால் அழகாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். அம்புகளையும் ஆள் விட்டு வைக்கவில்லை. பக்கத்தில் நல்ல பிள்ளை மாதிரி இரவிச்சந்திரன் நின்றார். எதிரே தொப்பி போட்ட வேட்டைக்காரர் கூட்டம், அவர்களுக்கு முன்னால் கடையின் பழைய வாடிக்கைக்காரரான ஹென்றி.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

"பூசை வைக்கச் சொன்னீர், வைச்சன்."

"படத்துக்கு வைக்கச் சொன்னன். சரக்கு முழுக்கவுமா?"

"ஆயுத பூசையெண்டா ஆயுதத்துக்குத்தானே வைக்கிறது" என்றார் அவர். "இவை வில்லு கேக்கினம். என்ர பிரெஞ்சு தெரியுந்தானே, நாளைக்குக் காலமை எடுத்துத் தாறனெண்டு கையால காட்டிப் பாத்தன். விளங்கேல்லப் போல."

கடன்காரன் மாதிரி நாளைய மத்தியானம் வாசலில் நிற்கிறது, இன்றைக்குக் கடவுளே என்று கூட்டம் வந்திருக்கிறது, இந்த மனுசன் சரக்கு முழுவதையும் சாமிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். ஒன்றைத் தூக்கித் துடைத்து விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? விறுவிறு என்று போய்க் குனிந்தாள். சாமியில் பெரிய நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள்தான். ஆனாலும் கை போகவில்லை. பூசையில் வைத்ததை விஜயதசமிக்கு முன் எடுக்கிறதா? பரீட்சைக்கு முதல் நாள்கூடப் புத்தகத்தைத் தொடாத ஊரில் பிறந்த கை அது.

நிமிர்ந்து, முகம் சிவக்க, பிரெஞ்சில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இன்று எங்கள் தொழில் கருவிகளுக்கு ஓய்வு. நாளைக் காலை பூசை முடித்துத்தான் எடுக்கலாம். மன்னியுங்கள், அவசரமென்றால் நெடுஞ்சாலையோரம் பெரிய கடை இருக்கிறது.

ஹென்றி குனிந்து குங்குமம் வைத்த வில்லை நெடுநேரம் பார்த்தார்.

"வேட்டைக்கு முன்னால் இப்படிச் செய்வீர்களா, மதாம்?"

"எந்த வேலைக்கும் செய்வோம். பஸ் ஓட்டுகிறவர் பஸ்ஸுக்கும் வைப்பார்."

"என் அப்பா புதுத் துப்பாக்கியைக் கோயிலுக்கு எடுத்துப் போவார்" என்றார் ஹென்றி. "பாதிரியார் முறைப்பார். முறைத்துக்கொண்டே தண்ணீர் தெளிப்பார். அப்படித் தெளித்த வருசம் மான் கிடைக்காமல் வீட்டுக்கு வந்ததே இல்லை." போனை எடுத்துப் படம் பிடித்தார். "எனக்கு அந்தக் கறுப்பு வில். சிவப்புப் பொட்டை அழிக்காமல் தர வேண்டும். நாளை எத்தனை மணிக்கு?"

வேட்டைக்காரரைப் போலச் சகுனம் பார்க்கிற சாதி உலகத்தில் வேறில்லை. சாம்பவிக்கு அது தெரியும், இத்தனை வருசமாக அவர்களோடுதானே பழகுகிறாள். இருந்தாலும் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட்டுப் போகிறவனெல்லாம் திரும்பி வருவதென்றால் உலகத்தில் கடைக்காரருக்குக் கவலையே இருக்காது.

வியாழன் காலை பஸ் ஓட்டம் முடிந்து புருசனும் மனைவியும் கடைக்கு வந்தபோது வாகனம் நிறுத்த இடமில்லை.

ஹென்றி வந்திருந்தார், அவருடைய மச்சான் வந்திருந்தார், படத்தைப் பார்த்த மச்சானின் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து பாலங்கள் தாண்டி ஒரு பெண் வந்திருந்தாள். இரவிச்சந்திரன் அவசரப்படவில்லை. கற்பூரம் காட்டினார், தேவாரம் பாடினார், எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொரு வில்லாக எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் அவலும் கொடுத்தார். அவர்கள் அதையும் பக்தியோடு தின்றார்கள்.

அதன் பிறகு கடை கடையாக இல்லை, தேர்த் திருவிழாவாக இருந்தது. வில் வாங்கினவனுக்கு அம்பு வேண்டும், அம்பு வாங்கினவனுக்குச் சப்பாத்து வேண்டும். மழைக்கோட்டு எங்கே, கூடாரம் எங்கே என்று நாலு பக்கமும் குரல். சாம்பவிக்குக் கால் தரையில் படவில்லை. ஏணியில் ஏறினாள், இறங்கினாள், சிரித்தாள், ஒரு கட்டத்தில் தான் என்ன மொழியில் பேசுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த அமளிக்குள் பற்றிக் வந்து நின்றான். "விழா மாதிரி இருக்கிறதே" என்றான். "சரி, என்ன முடிவு?"

அவள் கையிலிருந்த சப்பாத்துப் பெட்டியைக் கீழே வைத்தாள். தொடருகிறேன் என்று கத்த வேண்டும் போல்தான் இருந்தது. ஆனால் ஒரு காலைக் கூட்டம் ஒரு வருசமாகுமா? வேட்டைக் காலம் முடிந்து பனி விழுந்த பிறகு? போன வருசங்களில் தனியாக நின்று விறைத்தது போல இனியும் நிற்க அவளுக்குத் தெம்பில்லை. அதுதான் உண்மை. வியாபாரத்தைப் பார்த்து அவள் பயப்படவில்லை, தனிமையைப் பார்த்துத்தான் பயந்தாள்.

சப்பாத்து அளவு பார்க்க ஒருவரின் காலடியில் குந்தியிருந்த இரவிச்சந்திரன் நிமிராமலே கேட்டார்.

"என்னவாம் அவர்?"

"தொடருறமோ விடுறமோ எண்டு கேக்கிறார்."

"அஞ்சு வருசத்துக்கு எழுதச் சொல்லும்."

"நீங்களோ சொல்லுறியள்?"

"ஏன், சுவர் இப்ப துப்பாக்கியில்லாம நல்லாத்தானே கிடக்கு." சப்பாத்தின் கயிற்றை இழுத்து முடிந்தார். "பஸ் ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் நான் இஞ்ச வந்து நிக்கிறன்."

சாம்பவிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. ஐந்து வருசம் என்று பற்றிக்கிடம் சொன்னபோது குரல் உடைந்தது, அவன் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை நீட்டினான். அவள் அதை வாங்கி முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் காசு மேசைப் பக்கமிருந்து அவர் கூப்பிட்டார்.

"சாம்பவி, இவர் பாங்க் காட்டாலதான் காசு கட்டப் போறாராம். இந்த மெசினில எதை அமத்திறது? ஒருக்கா வந்து காட்டும்."