ஏடனுக்கு அப்புறம்

…அப்படியென்றால் அது கடலே இல்லையா, மனுசன் வெட்டிய கால்வாயா, இத்தனை நாளும் சூயஸ் என்றால் கரை தெரியாத தண்ணீர் என்றல்லவா குர்ஷித் பேகம் நினைத்திருந்தாள், அந்த வாத்தியார் குச்சி நுனியால் தொட்டுக் காட்டுவதைப் பார்த்தால் படத்தில் ஒரு கீறல் மாதிரித்தான் இருக்கிறது, இந்தக் கீறலுக்கா பெரிய பெரிய ராஜ்ஜியங்கள் சேர்ந்து குண்டு போட்டன… வெளியே கார்த்திகை மழை, ஓட்டிலிருந்து சொட்டும் இடத்தைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இந்தக் கல்லூரி மண்டபத்தில் உலக நடப்பைப் பற்றிப் பேசுவார்களாம், ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வரலாமாம், ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டு ஓடிவந்து சொன்னது இஞ்ஞாசியக்காதான். நர்ஸ் வேலை பார்க்கிற இஞ்ஞாசியம்மாள், பக்கத்துத் தெரு, பிரசவத்தில் குர்ஷித்தின் மகளைக் கையில் ஏந்தி வெளியே எடுத்தவள், இன்றைக்கு ட்யூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டு பேகம்பூர் வீட்டு வாசலில் ஜட்காவோடு வந்து நின்றாளே, இவளுக்கு எந்த ஜென்மத்துக் கடன், கூடப் பிறந்தவள்கூட இம்புட்டுச் செய்வாளா…

செய்யவில்லையே, கூடப் பிறந்தவர்கள் வந்து உட்கார்ந்து அழுதார்கள், அவ்வளவுதான். சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போன அவள் வீட்டுக்காரர் பீர் முகமது, ஏடன் என்கிற ஊரிலிருந்து ஒரு கடுதாசி போட்டார், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பேப்பரில் சண்டை என்று வந்தது, பிறகு கால்வாயில் கப்பல்கள் மூழ்கின என்று வந்தது, அந்த ஒரு வரியைக் கேட்டதும் அவரைப் பெற்ற மாமி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தவள்தான், நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறாள். தோல்மண்டிக்காரர்கள் வீட்டுப் பெண்கள் வந்தார்கள், பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், மய்யித்து கிடக்கிற வீட்டில் துக்கத்துக்கு உட்காருவார்களே அப்படி. ஒருத்தி, இனி இது எதற்கு என்பதுபோல் குர்ஷித்தின் கண்ணாடி வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் குர்ஷித்துக்குக் கோபம் வந்தது, யாராவது தெரிந்தவர்களிடம் கேட்காமல் நீங்களாக எப்படி ஒரு ஆளை முடித்துவைக்கலாம் என்று. ஆனால் தெரிந்தவர் யார், யாரிடம் போய்க் கேட்பது… கல்லூரியில் போய்க் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்குமா, ஏழு பிறவி எடுத்தாலும் தோன்றியிருக்காது.

வாத்தியார் பெயர் சடையாண்டி என்றார்கள், வேடசந்தூர்ப் பக்கம் வெள்ளாமை வீட்டுப் பிள்ளையாம், தமிழில்தான் பேசினார், நடுநடுவே வந்த இங்கிலீஷ் வார்த்தையையும் உடனே தமிழில் சொன்னார், அதற்காகவே அவரை ஆயுசோடு இருக்கச் சொல்லி துவா செய்யலாம். கால்வாய் ஓடுகிற நாட்டின் தலைவர் நாசர் அதைத் தன் நாட்டுக்குச் சொந்தம் என்றது, வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் படையிறக்கியது, நேரு அதைத் தப்பு என்றது, எல்லாம் சொன்னார், அவளுக்குப் பாதி பிடிபட்டது, பாதி நழுவிப்போனது. கேள்வி கேட்கலாம் என்றார். அக்கா கேட்பாள் என்பதுதான் பேச்சு. அக்காவோ முழங்கையால் இடித்து, “நீயே கேளு தாயி, நான் கேட்டா அது யார் வீட்டுச் சங்கதியோ மாதிரி இருக்கும்” என்றாள். எப்படி எழுந்தாளோ, எழுந்துவிட்டாள், முந்நூறு தலை திரும்பிற்று, புருசன் பெயரை இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, “எங்க வீட்டுக்காரவுக கப்பல்ல இருக்காக… கப்பல் முங்கிருச்சுன்னு சொல்றாக, நெசந்தானா சார்?” முன்வரிசையில் அங்கவஸ்திரம் போட்ட ஒருவர், இது அரசியல் கூட்டம், குடும்பக் கவலையைத் தனியாக வைத்துக்கொள்ளலாமே என்றார். சடையாண்டி மேடையை விட்டு இறங்கி பெண்கள் பக்கம் வந்து நின்றார்.

பெயரைக் கேட்கவில்லை, அந்தப் புண்ணியவான், கடைசிக் கடுதாசி எந்த ஊரிலிருந்து, எப்போது எழுதியது என்று மட்டும் கேட்டார். ஏடன், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், மறுநாள் புறப்படுகிறோம் என்று எழுதியிருந்தார், சொன்னாள். அவர் படத்தருகே போய்க் குச்சி நுனியை ஏடனில் வைத்தார். “ஏடன்ல இருந்து சூயஸுக்கு வர நாலஞ்சு நாள் ஆகும்மா. தீபாவளிக்குள்ளயே கால்வாய அடைச்சுட்டாங்க. முங்குனது வழிய மறிக்கறதுக்கு அந்த நாட்டுக்காரங்களே முழுக்குன கப்பலுங்க. உங்க வீட்டுக்காரர் கப்பல் உள்ளயே போயிருக்க முடியாது. திரும்பி ஆப்பிரிக்காவச் சுத்திப் போயிட்டிருக்கும். இந்தா, இம்புட்டுத் தூரம். நடுக்கடல்ல இருந்து கடுதாசி எப்படி வரும்?” குச்சி கீழே இறங்கி இறங்கிப் போயிற்று, அந்தப் பெரிய தேசத்தின் அடிவரைக்கும் போய் வளைந்து மறுபடி மேலே ஏறியது, அவள் கண்ணும் கூடவே போனது. “சத்தியம் பண்ண முடியாதும்மா, கணக்கு அப்படித்தான் சொல்லுது” என்றும் சொன்னார், அதைச் சொன்னதால்தான் முன்னே சொன்னதை அவளால் நம்ப முடிந்தது. உட்கார்ந்தாள், அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்… அதற்கப்புறம் ஒரு மாணவன் எழுந்து கால்வாயின் வாயில் இருக்கிற போர்ட் சயீது பட்டணத்தில் குடியிருப்புகள் மேல் விழுந்த குண்டைப் பற்றிக் கேட்டதும், செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்னும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள் என்று வாத்தியார் குரல் இறங்கியதும் எங்கேயோ தூரத்தில் நடந்ததுபோல் காதில் விழுந்தது.

ஜட்கா சகதியில் ஆடி ஆடிப் போனது, மழை விட்டு மலைக்கோட்டைப் பாறை கழுவிவிட்டாற்போல் நின்றது, போனதும் மாமிக்குக் கஞ்சி வைக்க வேண்டும், சுவரில் கரியால் அந்தத் தேசத்தை வரைந்து காட்ட வேண்டும், கப்பல் இப்படிப் போகுது மாமி என்று… சந்தோசத்தில் அழுகை வந்தது, அழுதாள், அக்கா தடுக்கவில்லை. யாருக்கெல்லாம் நன்றி சொல்வது, அக்காவுக்கு, வாத்தியாருக்கு, அந்த நோட்டீஸை ஒட்டினவனுக்கு, வழியை அடைத்தார்களே அவர்களுக்கும்கூட… வழியை அடைத்தவர்கள், குண்டு வாங்கிய அந்த நாட்டுக்காரர்கள். சட்டென்று அந்த மாணவன் கேட்டது இப்போதுதான் காதுக்குள் வந்து சேர்ந்தது. குண்டு விழுந்த வீடுகள் என்றானே. அங்கேயும் முக்காடு போட்டவள் ஒருத்தி இருப்பாளே, அவள் எந்த மண்டபத்தில் போய் எழுந்து நின்று கேட்பாள், அவளுக்கு எந்தக் கணக்கைச் சொல்லித் தேற்றுவார்கள், நான் பாட்டுக்கு உட்கார்ந்து அல்லாவுக்கு நன்றி சொல்லி சுக்குர் செய்துகொண்டிருந்தேனே, அப்போது வாத்தியார் சொன்னதைச் சரியாகக் காதில்கூட வாங்கவில்லையே…

“அடுத்த மாசமும் பேசுவாகளாக்கா?”

“பேசுவாங்க. எதுக்கு, அதான் உனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சிருச்சே” என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

தெரிந்துவிட்டதுதான். குர்ஷித் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த முக்காடு போட்டவளுக்காகக் கேட்க வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே பேகம்பூர் வரை வந்தாள்.