கவாத்து மண்டபம் நடக்கும் தெரு

எங்கள் ஊர்க் கவாத்து மண்டபம் மாதாமாதம் ஒன்றாம் தேதி காலையில் ஓர் எட்டு முன்னால் வைக்கும். மழை பெய்தாலும் வைக்கும், மண்டபத்துக்குள் ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தாலும் வைக்கும். எதிரில் வீடு இருந்தால் வீடு போகும்.

காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே சுபேதார் மேஜர் தேவசகாயம் என்று ஒருவர் இருந்தார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஆட்களைக் கவாத்துக்கு வரச்சொல்லியிருந்தார். அவர்கள் கஞ்சி வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. அந்த மனுஷனுக்கு வந்ததே கோபம், வெறும் மண்டபத்தைப் பார்த்து "குயிக் மார்ச்" என்று கத்தினார். கத்திவிட்டு டீ குடிக்கப் போனவர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். "ஹால்ட்" சொல்லவில்லை. ஆர்டர் கொடுத்தவர் இறந்துபோனால் ஆர்டர் ரத்தாகாது. பட்டாளத்து விதி அப்படி.

மண்டபம் அழகானதுதான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஸ்டெல்லாவுக்கு வயிற்றெரிச்சல் என்று என்னைத்தான் சொல்வார்கள். செங்கல் முகப்பில் மூன்று வளைவுகள். நடு வளைவுக்கு மேலே சுதையில் ஒரு கிரீடம், அதன் கீழே குறுக்காக இரண்டு துப்பாக்கி. உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. வரிசை கலையாமல் ஆட்கள் திரும்ப வேண்டும் என்பதற்காக, பர்மா தேக்கு உத்தரங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து அதன்மேல் கூரையை நிறுத்தியிருக்கிறார்கள். பூட்ஸ் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று தரைக்கும் பலகைதான். துரைசானிகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மேலே ஒரு மர மாடம், மூலையில் துப்பாக்கி அறை. இவ்வளவையும் தூக்கிக்கொண்டு மண்டபம் ஒரு விரிசல் விடாமல் நடக்கிறது. விரிசல் எல்லாம் எதிரே குடியிருக்கிறவர்களுக்கு.

மண்டபம் வருகிற வழியில், நடுவில் ஒரு பொட்டலைத் தாண்டி, எங்களுக்கு முந்தின வீடு தெய்வானையுடையது. அவள் புருஷன் மின்வாரியத்தில் லைன்மேன். முதலில் அவர்கள் வாசல்படி போயிற்று, அப்புறம் கூடம், அப்புறம் அடுப்படி. சாமான்களை எடுத்துக்கொண்டு வா என்று நான்தான் கூப்பிட்டேன். மண்டபம் முழுசாக அந்த இடத்தைக் கடந்து முடிகிறவரை எங்கள் பின்கட்டு அறையில் இருந்தார்கள். அதற்குள் அவள் மகள் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியும் முடித்துவிட்டாள். ஒரே அடுப்பில் நானும் தெய்வானையும் சமைத்தோம். மண்டபத்தின் பின்சுவர் தாண்டிய மறு மாதமே அவள் பழைய இடத்தில் புது வீடு கட்டத் தொடங்கினாள்; மண்டபம் நகர நகரப் பின்சுவரை ஒட்டியே அடுப்படி வரை இழுத்துக் கட்டினாள்.

"இனி எனக்குப் பயமில்லக்கா. போனது திரும்பி வரவா போகுது?" என்றாள். வீட்டுக்குக் கிளிப்பச்சை அடித்தாள். கண்ணைக் குத்துகிற பச்சை.

மண்டபத்துக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. இந்தப் பக்கம், முகப்புக்கு நேர் எதிரே எங்கள் வீடு. கேட்டுக்கும் கிரீடத்துக்கும் நடுவில் ஒரே ஓர் எட்டுதான் பாக்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் லூர்துராஜ் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்தில் இருந்தவர் சொன்னால்தான் மண்டபம் கேட்கும். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சாப்பாடு போடும்போதெல்லாம் கெஞ்சினேன்.

"ஆர்டர் கொடுத்தவர் சுபேதார் மேஜர். நான் சுபேதார். சீனியர் ஆர்டரை நான் எப்படி நிறுத்துறது?" என்றார்.

"அவர் செத்துப்போயிட்டாருங்க."

"செத்தாலும் சீனியர்தான்."

சொல்லிவிட்டு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். அந்தக் கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. வீடு போகப்போகிறது, இந்த மனுஷனுக்கு ரசம்.

பாரம்பரியக் கட்டட அலுவலகத்திலிருந்து வித்யாசாகர் என்று ஓர் அதிகாரி வருவார். நடக்கிற கவாத்து மண்டபம் நாட்டிலேயே இது ஒன்றுதான் என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை. நான் கொடுத்த உளுந்துவடையைத் தின்றுகொண்டே, "கண்ணாடிச் சாமான்களை முதல்ல வைக்கோல் வச்சுக் கட்டிடுங்கம்மா" என்று ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். நல்லா இருப்பீங்க என்று மனசுக்குள் சொன்னேன். நல்ல மனசோடு சொல்லவில்லை.

வைக்கோல் கட்டும்போதுதான் எனக்கு அது நினைவு வந்தது. பட்டாளக் குடியிருப்பில் மனைவிக்குப் புருஷனைவிட ஒரு படி அதிக மரியாதை. ஹவில்தார் பெண்டாட்டி வந்தால் நாயப் சுபேதாருக்கு உரிய நாற்காலி போடுவார்கள். அந்தக் கணக்கில் நான் சுபேதார் மேஜர். தேவசகாயமும் நானும் சமம். சமமானவர் நிறுத்தச் சொன்னால் ஆர்டர் நின்றுவிடும்.

ஒன்றாம் தேதி காலையில் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு போய் நடு வளைவுக்கு முன்னால் நின்றேன். மண்டபம் அஸ்திவாரத்தைத் தூக்கியது.

"ஹால்ட்!" என்றேன்.

தூக்கியதை அப்படியே பழைய இடத்தில் இறக்கி வைத்தது. ஓர் ஓடுகூட நகரவில்லை. வாசலில் விறைப்பாக நின்றிருந்த என் வீட்டுக்காரர், "குரல் அடிவயித்திலிருந்து வரணும். மத்தபடி பரவாயில்ல" என்றார். தெய்வானை மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அந்த வாரமே வித்யாசாகர் டேப்போடு வந்தார். நடக்கிற கட்டடத்துக்கு எல்லை கிடையாது, டேப்பை எங்கே வைத்துப் பிடிப்பது? நின்றுவிட்ட கட்டடத்துக்கு உண்டு. சுவரிலிருந்து நாலு பக்கமும் தள்ளி அளந்து எல்லை போட்டார். எல்லைக்குள் எந்தக் குடியிருப்பும் இருக்கக் கூடாது. இந்தப் பக்கம் எங்கள் வீடு முழுசும் உள்ளே வந்தது. அந்தப் பக்கம் கிளிப்பச்சை வீடும் முழுசாக உள்ளே வந்தது.

"ரெண்டையும் இடிக்கணும். மண்டபம் மறுபடி நடந்தா எல்லை போயிடும், இடிக்க வேண்டாம்" என்றார்.

"நடந்தா என் வீட்டு மேலதானே நடக்கும்?"

"நிறுத்தினவங்கதாம்மா நடக்க வைக்கணும். முன்னாலயா பின்னாலயாங்கிறது உங்க இஷ்டம்." டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தத் தடவை வடை கொடுக்கவில்லை.

சாயந்தரம் தெய்வானை வந்தாள். வழக்கமாக அடுப்படிக்கே வந்துவிடுகிறவள், வாசலிலேயே நின்றாள்.

"என்னக்கா செய்யப் போறீங்க?"

"பாக்கலாம்டி."

"என் மகளுக்கு நிச்சயம் பண்ணியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வீடு பாக்க வர்றாங்க."

"பாக்கலாம்னு சொல்றேன்ல."

போய்விட்டாள். பின்கட்டு அறைச் சுவரில் அவள் மகளுக்கு உயரம் பார்த்துப் போட்ட கரிக்கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள்மேல் பாசம் உண்டு. என் வீட்டின்மேல் அதைவிட அதிகமாக இருந்தது. வேறு நியாயம் எதையும் நான் சொல்ல வரவில்லை.

மறுநாள் காலையில் புடவை கட்டிக்கொண்டு போய், "அபவுட் டர்ன்" என்றேன். மண்டபம் திரும்பியது. கிரீடமும் துப்பாக்கிகளும் அந்தப் பக்கம் போய், எங்களுக்குப் பின்சுவர் வந்தது. "குயிக் மார்ச்" என்றேன். என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு சல்யூட் அடித்தார். அந்தக் கையை முறிக்கலாம்போல இருந்தது.

ஒன்றாம் தேதி வந்தது. போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். ஆர்டர் கொடுத்தவர் அணிவகுப்பில் நிற்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார். தெய்வானை சாமான் எதையும் வெளியே எடுத்து வைக்கவில்லை. அடுப்படி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். "வெளிய வாடி தெய்வான" என்று கத்தினேன். வரவில்லை. மண்டபம் அஸ்திவாரத்தைத் தூக்கியது.

அது கீழே வைப்பதற்குள் கிளிப்பச்சை வீடு ஓர் எட்டு முன்னால் வைத்தது. மண்டபத்துக்கு இடம் கிடைத்தது. ஒரு செங்கல் விழவில்லை. மாடியில் காயப்போட்டிருந்த துணிகள் மட்டும் ஒரு தடவை ஆடின. ஜன்னல் என்னைவிட்டு ஓர் எட்டு தள்ளிப் போயிருந்தது. அவள் கம்பியை விடவில்லை.

என் வீட்டுக்காரர் காதருகே குனிந்து, "வலது கால முதல்ல எடுத்துவச்சுருச்சு. புதுசு பாரு. நீதான் திருத்தணும், எனக்கு ரேங்க் இல்ல" என்றார்.

தெய்வானை பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, "தெய்வானை வீடு, இடது கால்!" என்றேன்.

வீடு காலை மாற்றி வைத்தது.