பெவர்லியின் பாதிப் பங்கு

ஜனவரி நடுவில் ஒரு மதியம், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் டாக்டர் கிளினிக் ஒன்றின் வரவேற்பு மேசையில் பெவர்லி சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மால்கம் போன் செய்தார். அவள் கணவன் கிரெய்க்கின் கூரை வேலைக் கம்பெனிக்கு வருஷக்கணக்காகக் கணக்குப் பார்ப்பவர் அவர். இந்த முறை அவள் பெயரில் இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் வரி வருகிறது, மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும் என்றார்.

பெவர்லி சாண்ட்விச்சை வைத்துவிட்டாள். அவள் சம்பளத்துக்கான வரியைக் கிளினிக்கே மாதாமாதம் பிடித்துக்கொள்கிறது. வேறு எதற்கு வரி என்று கேட்டாள். டிவிடெண்டுக்கு என்றார் மால்கம். கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். பாதிப் பங்கு அவள் பெயரில் இருக்கிறது, போன வருஷம் அவள் பாதியாக இருபதாயிரம் எடுத்திருக்கிறாள்.

இருபதாயிரத்தை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் விசாரித்தபோது, கிரெய்க் சோபாவில் பூட்ஸைக் கழற்றியபடியே, அதெல்லாம் சும்மா காகிதத்தில்தான் என்றான். வரி குறையட்டும் என்று மால்கம் சொல்லித்தான் அவள் பெயரைச் சேர்த்தானாம். பணம் இருவருக்கும் பொதுவான, ஆனால் அவன் மட்டுமே பார்த்துக்கொள்ளும் கணக்குக்குத்தான் போனது. அங்கிருந்து விட்பி துறைமுகத்தில் நிற்கும் அவன் மீன்பிடிப் படகுக்குப் போனது. முந்தைய வருஷங்களில் அவள் பங்குக்கு வந்த சில்லறை வரியை அவனே கட்டிவிட்டான். அதைச் சொல்லித் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டானாம்.

பெவர்லிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அந்தப் படகில் அவள் ஒரு தடவைகூட ஏறவில்லை.

சனிக்கிழமை இருவரும் மால்கமின் ஆபீசுக்குப் போனார்கள். கிரெய்க் உட்காருவதற்கு முன்பே, ஒவ்வொரு ஜனவரியிலும் ஆரம்பிக்கும் சண்டையை ஆரம்பித்தான்.

"கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிடுச்சு. கட்டினது போக மிச்சம் இருந்ததைத்தான் எடுத்தோம். அதுக்கும் வரின்னா என்ன நியாயம்?"

மால்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வருஷமும் இதையேதான் கேட்டீங்க கிரெய்க். கம்பெனி வேற ஆளு, நீங்க வேற ஆளு. அது சம்பாதிச்சதுக்கு அது கட்டுச்சு. அதுகிட்டருந்து உங்க கைக்கு வந்ததுக்கு நீங்க கட்டணும்."

"கம்பெனியே நான்தானே? கூரை மேல ஏறுறது யாரு?"

"ஏறுறது நீங்கதான். சட்டத்துக்கு அது தெரியாது."

பெவர்லி குறுக்கிட்டாள். அவள் வரி ஏன் இவ்வளவு என்று தெரிய வேண்டும். மால்கம் பொறுமையாகச் சொன்னார். வரியில்லாத வருமான வரம்பை அவள் கிளினிக் சம்பளமே தின்றுவிட்டது. டிவிடெண்டில் முதல் ஐந்நூறுக்கு மட்டும் வரி இல்லை, மீதிக்கு நூற்றுக்கு எட்டே முக்கால். அது ஆயிரத்து எழுநூறு. தொகை ஆயிரத்தைத் தாண்டியதால், அடுத்த வருஷ வரியில் பாதியையும் முன்பணமாக இப்போதே கட்ட வேண்டும்.

"இன்னும் சம்பாதிக்காத காசுக்கா?" என்றாள் பெவர்லி.

"ஆமா. அதைக் கேட்டா எல்லாருக்கும் எரிச்சல்தான் வரும்."

"சும்மா பேருக்குப் பங்கு வெச்சிருக்கேன். என்னை எதுக்குப் பிடிக்கிறாங்க?"

மால்கம் கிரெய்க்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "சும்மா பேருக்குன்னு இங்க யாரும் சொல்லாதீங்க. அப்படின்னா மொத்தமும் கிரெய்க் பணம்னு வரி ஆபீஸ் சொல்லும், அவர் இன்னும் ஜாஸ்தி கட்டணும். பங்கு நெஜமாவே உங்களோடது பெவர்லி. அந்தப் பணமும் உங்களோடதுதான்."



"அப்போ என் பணம் விட்பில மிதந்துக்கிட்டிருக்கு," என்றாள் பெவர்லி.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கிரெய்க் அரசாங்கத்தைத் திட்டினான். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சமையலறையைப் புதுப்பிக்கச் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுத்து, கெடுவுக்கு முன்பே வரியைக் கட்டினாள்.

மார்ச்சில் படகின் இயந்திரம் கோளாறு செய்தது. கிரெய்க் இன்னொரு டிவிடெண்டுக்கு மால்கமிடம் தீர்மானம் தயாரிக்கச் சொல்லி, சாப்பாட்டு மேசையில் அதை அவள் முன் நீட்டினான். இருவரும் இயக்குநர்கள், இருவர் கையெழுத்தும் வேண்டும். இத்தனை வருஷமும் படிக்காமலே போட்டுக் கொடுத்தவள், இப்போது படித்தாள். மறுநாள் மால்கமுக்குப் போன் செய்து, கம்பெனியின் வங்கிக் கணக்கில் இருப்பதில் எவ்வளவு நிஜமாகவே லாபம் என்று கேட்டாள். கம்பெனி வரிக்கும் வாட் வரிக்கும் ஒதுக்கினால், கிரெய்க் கேட்டதில் பாதிகூடத் தேறாது என்றார் அவர்.

"லாபம் இருக்கிற அளவுக்குத்தான் எடுக்கலாம்," என்றாள் கிரெய்க்கிடம். "என் பாதி என் சொந்தக் கணக்குக்கு வரணும். அதிலேர்ந்து வரிக்கு நான் எடுத்து வெச்சுக்குவேன். உன் பாதில நீ என்ன வேணா பண்ணு."

"நாள் பூரா மழையில நனையறது நான், பெவ்."

"தினமும் வேலை முடிஞ்சு வந்து உன் கஸ்டமருங்களுக்கு போன் பண்ணிப் பணம் கேக்கறது யாரு? அதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தியா?"

அதன் பிறகு அவன் இரண்டு மூன்று நாள் வேனிலேயே உட்கார்ந்து மீனும் சிப்ஸும் தின்றுவிட்டு வந்தான். அந்த வார இறுதியில், தொகையைக் குறைத்து எழுதிய தீர்மானத்தைத் தானே எடுத்து வந்து, பேனாவோடு அவள் பக்கத்தில் வைத்தான். வீட்டுக்குள் ஒரு முதலாளியம்மா முளைத்துவிட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே தன் கையெழுத்தையும் போட்டான்.

திங்கட்கிழமை பணம் அவள் கணக்குக்கு வந்தது. எட்டே முக்கால் சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, சரிதானா என்று கிளினிக்கிலிருந்தே மால்கமுக்குப் போன் செய்து கேட்டாள். இதற்குச் சரிதான் என்றார் அவர். ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு எடுப்பதற்கு இன்னும் இரண்டு சதவீதம் சேர்த்து வைக்கச் சொன்னார், வரி ஏறுகிறதாம்.

பெவர்லி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வரிசையில் நின்ற அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.