கேஜில் நிற்பவரின் கை

1

இந்தக் கதை எனக்கு மாரிகுப்பம் ரயிலில் கிடைத்தது. கிடைத்தது என்ன கிடைத்தது, பிடுங்கினேன். எதிர் சீட்டில் அழுதுகொண்டிருந்த கயல்விழியிடம், “இன்னாம்மா ஆச்சு?” என்று கேட்டுக் கேட்டுப் பிடுங்கியது.

நாங்கள் இருவரும் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள். செயற்கைத் தோள்மூட்டு வைத்த கை எப்படி அசையும், எந்த நிலையில் மூட்டு நழுவும் என்று கம்ப்யூட்டரில் மாதிரி செய்து பார்ப்பது அவள் வேலை.

2

முதல் தொடக்கம்: “தங்கச் சுரங்கத்தின் இருளில் தம்மபாலன் தன் தோளை—”

சீ, வேண்டாம். சுரங்கம் என்றாலே இருட்டைக் கூட்டிவரும் என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: “திரையில் ஒரு கை உயர்ந்தது.” இது பரவாயில்லை. அந்தக் கை கயலின் அப்பா தம்மபாலனுடையது. பாறையில் துளை போட்டே தேய்ந்த வலது தோள். போன வருஷம் மூட்டு மாற்றினார்கள். அவர் ஸ்கேனை வாங்கி மகளே கம்ப்யூட்டரில் மாதிரி செய்தாள். திரையில் அவரைத் தலை வாரவைத்தாள், சோறு அள்ளவைத்தாள், அலமாரியில் டப்பா எடுக்கவைத்தாள். மூட்டு எதிலும் நழுவவில்லை.

“செக்கப்புக்கு ட்ரெய்ன்ல போலாமாம்மா?”

“தாராளமா போலாம் நைனா. ஒன்னியும் ஆவாது.”

(வாசகரே, இந்த “ஒன்னியும் ஆவாது” நினைவிருக்கட்டும். அவளைத் தின்பது அதுதான்.)

3

செக்கப்புக்குப் போன அன்று பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறியது. கயல் எழுந்து, “ஒக்காரு நைனா” என்றாள். அவர் உட்காரவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, வலது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு வெட்டு வெட்டியது. மூட்டு கழன்றது.

(இங்கே ஒரு விளக்கம். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜில் நெருக்கியடித்து நிற்பார்கள். கை வெளியே நீண்டால் பாறை கிழித்துவிடும். அதனால் பின்பக்கம் கம்பியைப் பிடித்தே நிற்கப் பழகினார் அவர். சுரங்கம் மூடியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரேஷன் கடை வரிசையிலும் அப்படித்தான் நிற்பார். “கேஜ் வந்துச்சா நைனா?” என்று சின்ன வயதிலிருந்தே கேலி செய்தவள் கயல். அந்த ஒரு நிலையை மட்டும் மாதிரியில் அவள் போட்டுப் பார்க்கவில்லை.)

4

வெள்ளிக்கிழமை மறுபடி ஆபரேஷன். இந்தத் தடவை கை எவ்வளவு தூக்க வரும் என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. வார்டில் அவர் இடது கையால் மகளின் கையைப் பிடித்தாராம்.

“நீ பாத்துப் பாத்துச் செஞ்சத நான் கெட்த்துட்டேம்மா. ஒக்காருன்ன, கேக்கல. என் தப்புதான்.”

கயல் டீ வாங்க வெளியே வந்துவிட்டாள். மாதிரியில் அந்த நிலையே இல்லை என்று அவருக்கு இன்னும் தெரியாது.

“இதக் கதையா எழுதிடுங்க அக்கா. நைனா படிச்சித் தெரிஞ்சிக்கட்டும்” என்றாள் ரயிலில் என்னிடம்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் என்ன தபால்காரியா? அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

5

முடிவுகள்:

அ) அவள் சொல்கிறாள். அவர் சிரித்து, “அட, உடு கண்ணு” என்கிறார். (இவ்வளவு லேசாகவா?)

ஆ) அவள் சொல்கிறாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து—

இ) அவள் சொல்லவில்லை. கை வராமலே போகிறது. தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டு அவர் மீதிக் காலத்தை ஓட்டுகிறார்.

இதில் எதையும் நான் முடிவாக வைக்கப்போவதில்லை. இந்தத் தாள்களைப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. நாளைக் காலை ரயிலில் உன் கையில்தான் கொடுக்கப்போகிறேன், கயல். வாசகரே என்று நான் கூப்பிட்டது உன்னைத்தான். படித்துவிட்டுப் பைக்குள் வை. அவரிடம் நீட்டாதே. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, டீ வாங்கப் போகாமல், வாய் திறந்து சொல்:

“நைனா, ”