கிரில்லில் கட்டிய மாலை

கிள்ளான் கோயிலில் பூஜை போட்ட பழைய காரை லோகேஸ்வரிதான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். ஷா ஆலம் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள்.

"கண்ணு பட்டிருச்சு லா," என்றபடி இறங்கிய கணவன் யுகேந்திரன், பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான்.

"கைய எடுங்க! கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்!"

கார் வாங்கின கையோடு ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் வகுப்பில் சேர்ந்தவள் அவள். அதைக் கேலி செய்து சிரித்தவன் அவன்.

ஆறும்வரை காத்திருந்து பார்த்தாள். தண்ணீர் குறையவில்லை, எங்கும் ஒழுகவில்லை, ஒரு நிமிடம் எஞ்சினைப் போட்டுப் பார்த்தபோது ரேடியேட்டர் காற்றாடியும் சுற்றியது. பிறகு காரின் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். யுகேந்திரன் ஆசை ஆசையாகக் கட்டிய சாமந்தி மாலை, தொடைப் பருமனில், முன்பக்க கிரில் கம்பிகளை முழுசாக அடைத்துக்கொண்டு தொங்கியது.

"இந்த வழியா காத்து போனாத்தானே ரேடியேட்டர் தண்ணி ஆறும்? மூக்கப் பொத்திட்டு ஓடச் சொன்னா ஓடுமா?"

மாலையை அவிழ்த்து, காரில் ஏறிய அவன் மடியில் போட்டு வண்டியைக் கிளப்பினாள். பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை முள் பாதியைத் தாண்டவில்லை.

வீட்டு வாசலில் யுகேந்திரன் மாலையை ஏந்தியபடி விழித்தான். "இத இப்ப எங்க போடறது?"

லோகேஸ்வரி கழுத்தை நிமிர்த்தினாள்.

"அதையும் நான்தான் சொல்லணுமா?"