பச்சைத் தீனி

பன்றிக் குடலை வெறுங்கையால் அலசுகிற பெண்பிள்ளை அந்த ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் ஒருத்திதான் இருந்தாள். கருப்பாயி. மரம் சீவி முடித்து, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்த கையோடு சதுப்பில் இறங்கிக் கெலாடி என்கிற சேம்பு இலை அறுப்பாள். அந்தக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குளுவாங் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பன்றி வளர்க்கும் சீனக் கிழவனிடம் போவாள். இலை பன்றிக்கு. பதிலுக்கு அவன் நுரையீரல், குடல், குளம்பு, அதிர்ஷ்டம் இருந்தால் தொடை எலும்பு என்று சாக்கில் போட்டுக் கொடுப்பான். ஓடையில் அலசி, தேய்ந்துபோன பால் உளியால் கண்டந்துண்டமாக வெட்டி, ரத்தம் சொட்டச் சொட்டத் தன் வீட்டு வாசல் பலகையில் வைப்பாள். வேகவைப்பது கிடையாது. உப்பும் மஞ்சளும் கிடையாது.

பலகைக்கு முன்னால் கூழையன் உட்கார்ந்திருக்கும். வால் பாதியில் முறிந்து நிற்கும் செம்பழுப்பு நாய், அதனால்தான் கூழையன். வாயிலிருந்து எச்சில் நூலாக வடியும், ஆனால் நகராது. "இரு" என்றால் இருக்கும். "எடு" என்றால் எடுக்கும். எடுத்ததை "விடு" என்று சொன்னால் விடும். இந்த மூன்று வார்த்தையும் கருப்பாயி வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். எலும்பைக் கடிக்கத் தொடங்கிவிட்டால் அவளே கூடக் கிட்டப் போகமாட்டாள். தூரத்தில் நின்று பேசுவதோடு சரி.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாள். "ஏண்டி, ஊர்ல எல்லாரும் நாய்க்குச் சோறுதானே போடறோம்? ஒன் நாயி மட்டும் என்னா புலிக்குப் பொறந்துச்சா? லயமே நாறுது."

"சோறு திங்கிற நாய்ங்க இந்த லயத்துல நெறையக் கெடக்குதுக்கா. கங்காணியக் கண்டா வாலத்தான் ஆட்டுது."

கிருஷ்ணம்மா உள்ளே போய்விடுவாள். சொன்னது நாயை மட்டும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கெட்டவள் இல்லை. ஒருநாள் மிஞ்சிப்போன மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து கொண்டுவந்து கூழையன் முன்னால் வைத்தாள். அது மோந்து பார்த்தது. மிளகாய் நெடி ஏறி, அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு எழுந்து போய்விட்டது. "துரை வீட்டு நாய்கூட எங்குழம்பத் திங்கும். இதுக்கு வந்த பவுச பாரு!" என்று அவள் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

கருப்பாயி சிரிக்கவில்லை. அந்த நாயை அவள் வேடிக்கைக்கு வளர்க்கவில்லை.

ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த காலம் அது. ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று துரை காதில் ஓதுகிறவன் கங்காணி தங்கராஜு. வெள்ளை வேட்டி, கோட்டு, முழங்கால் பூட்ஸ், கக்கத்தில் குடை. காலையில் ஆள் எண்ணுகிற பிரட்டுக் களத்தில் அவன் இருமினால் ஆண்பிள்ளைகள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். தேசத்தை ஆண்டவன் யாராக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், லயத்தை ஆண்டவன் அவன்தான்.

கருப்பாயியின் புருஷன் காட்டுக் காய்ச்சலில் செத்த வருஷம், ஒரு மத்தியான நேரத்தில் தங்கராஜு அவள் வீட்டுக்குள் வந்தான். எல்லாரும் வேலை முடிந்து லயத்தில் இருந்த நேரம். அவள் கத்தினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவன் கதவைக்கூடச் சாத்தவில்லை. "கத்து. யாரு வர்றான்னு பாப்போம்" என்றான். வெளியே கிருஷ்ணம்மா வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த கதவு. அதற்கும் அடுத்தது. வரிசையாகக் கோடி வீடு வரைக்கும் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவள் காதில் இன்னும் கிடக்கிறது.

அவள் பால் உளியை எடுத்து வீசினாள். அவன் காது கிழிந்தது. அவன் அவளுடைய வலது கையைக் கதவு நிலையில் வைத்துப் பூட்ஸ் காலால் மிதித்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் குச்சி மாதிரி முறிந்தன. புருஷன் காட்டோரம் கண்டெடுத்துக் கொண்டுவந்திருந்த நாய்க்குட்டி அவன் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. அவன் ஒரே உதை விட்டான். குட்டி சுவரில் மோதி விழுந்தது, வால் முறிந்தது. காதிலிருந்து கோட்டில் வழிந்த ரத்தத்தைப் பார்த்ததும் கங்காணிக்கு வந்த காரியம் மறந்துபோனது. "இன்னொரு நாள் வர்றேன்டி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த இன்னொரு நாளுக்காகத்தான் அவள் அந்தக் குட்டியைப் பச்சைக் கறியில் வளர்த்தாள். லயத்துச் சோறு தின்று வளர்ந்தால் லயத்துப் புத்திதான் வரும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். சரியோ தப்போ, குட்டி வளர்ந்தது. பன்றிக் குளம்பையும் தொடை எலும்பையும் உடைத்து உடைத்து அதன் தாடை இரும்பாகப் பழுத்தது. கங்காணி மறுபடி ஒருநாள் வாசல் வரைக்கும் வந்து பார்த்தான். கூழையன் குரைக்கவே இல்லை. நேராக வந்து குடையைப் பிடுங்கிக் கம்பியோடு சேர்த்து மென்றது. அவன் வெறுங்கையோடு திரும்பிப் போனதை லயமே கதவிடுக்கு வழியாகப் பார்த்தது. அதைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை. கருப்பாயி பால் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பலகைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. சிரட்டை நிறைய ஆட்டுக்கறி. நல்ல மசாலா, மேலே எண்ணெய் மிதந்தது. அந்தப் பஞ்ச காலத்தில் லயத்தில் ஆட்டுக்கறி சமைக்கிற வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிரட்டைக்குப் பக்கத்தில் ஒரு காக்கை இறக்கையை விரித்தபடி செத்துக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று இழுத்துக்கொண்டிருந்தது. கூழையன் தூரமாக உட்கார்ந்து மூக்கைப் பாதத்தால் துடைத்துக்கொண்டிருந்தது. அது கறியைத் தொடவே இல்லை.

கருப்பாயிக்குப் புரிந்துவிட்டது. லாலாங் புல்லை அழிக்கத் தெளிக்கிற மருந்து அது. பால் வாளியில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது என்று பிரட்டில் எல்லாரையும் எச்சரிப்பார்கள். நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகார் சொல்லலாம்தான். ஆனால் தோட்டத்தில் புகாரை முதலில் கங்காணியிடம்தான் சொல்ல வேண்டும். என்ன அழகான சட்டம்! அவள் சிரட்டையையும் செத்த காக்கையையும் ஒரு மண்சட்டிக்குள் வைத்து மூடி அடுப்படியில் ஒதுக்கினாள். கூழையனையும் கூடவே கூட்டிக்கொண்டு சீனனிடம் போனாள்.

அன்றைக்குக் கிழவன் பன்றி அறுத்திருந்தான். கைநிறையக் கிடைத்தது. கூழையன் வயிறு புடைக்கத் தின்றது. தின்றுவிட்டு, முழுத் தொடை எலும்பைத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு வாசல் பலகையிலேயே சாய்ந்தது. பச்சைக் கறி தின்ற நாயின் தூக்கம் அடித்துப் போட்ட தூக்கம். கால் நாலும் விறைத்து நீண்டன, நாக்கு வெளியே தள்ளியது, வாயோரத்து ரத்தத்தில் ஈ மொய்த்தது.

கங்காணி தங்கராஜு அதைத்தான் பார்த்தான்.

கருப்பாயி உள்ளே கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் சிரிப்புச் சத்தம்.

"என்னா கருப்பாயி, ஒன் காவக்காரன் போய்ச் சேந்துட்டான் போலருக்கே? இப்பக் கத்து பாப்போம்."

அவள் எழுந்திருப்பதற்குள் அவன், "செத்தும் வழிய மறிக்குது சனியன்" என்று எலும்போடு சேர்த்து ஒரு உதை விட்டான்.

கூழையன் குரைக்கவில்லை. உதைத்த கால் தரைக்குத் திரும்புவதற்குள் அதைப் பிடித்தது. பூட்ஸ் தோலும் அதற்குள்ளிருந்த சதையும் ஒன்றாகக் கிழிந்தன. அவன் மல்லாக்க விழுந்தான். விழுந்தவன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான்; நாய் அந்தக் கையை மணிக்கட்டில் கவ்வியது. கடித்துவிட்டு ஓடுகிற நாய் அல்ல அது. குளம்பு உடைக்கிற மாதிரியே தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடைவாய்க்குக் கொண்டுபோய், நிதானமாக அழுத்தியது. எலும்பு நொறுங்கிய சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. வெள்ளை வேட்டி சிவந்தது. அவன் மற்றக் கையால் அதன் கண்ணைக் குத்தினான், மூக்கில் குத்தினான். அது கவ்விய கையோடு அவனை வாசல் மண்ணில் இழுத்தது, உலுக்கியது, மறுபடி இழுத்தது.

கருப்பாயி கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"விடச் சொல்லு! கருப்பாயி, விடச் சொல்லு தாயீ! ஒன் காலுல விழறேன்!"

ஒரே ஒரு வார்த்தை. அது அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். காதிலிருந்த பழைய தழும்பைப் பார்த்தாள். பிறகு லயத்தைப் பார்த்தாள். கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. கிருஷ்ணம்மா, அவள் புருஷன், கோடி வீட்டு அய்யாவு, பிள்ளைகுட்டிகள் எல்லாரும் வெளியே வந்து நின்று "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கங்காணிக்கு ஒன்று என்றால் எத்தனை கதவு திறக்கிறது!

அவள் பின்வாங்கினாள். கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

உள்ளே வந்து உட்கார்ந்து, கோணிப்போன விரல்களால் அகப்பையைப் பிடித்துக் கஞ்சியைக் கிண்டினாள். அடி பிடித்துவிடக் கூடாதல்லவா? வெளியே அவன் அலறினான். அம்மாவைக் கூப்பிட்டான், முனியாண்டியைக் கூப்பிட்டான், மறுபடி அவளைக் கூப்பிட்டான். அவளுக்குப் பாவமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே கொஞ்சம் குமட்டியது. அலறல் முனகலாக இறங்கியபோது, இவன் செத்தால் கூழையனையும் கொன்றுவிடுவார்கள் என்று நினைப்பு வந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"விடு."

கூழையன் விட்டது. தன் எலும்பைத் தேடி எடுத்துக்கொண்டு பலகையில் போய்ப் படுத்தது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, துரை துப்பாக்கியோடு வந்துவிட்டார். கங்காணியைத் தூணில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள்; கையைச் சுற்றியிருந்த துண்டிலிருந்து ரத்தம் சொட்டியது. "வெறி நாயி தொரை! பச்ச ரத்தம் குடுத்துக் குடுத்து வெறியேத்தி வச்சிருக்கா! சும்மா வழியில போன என்னைய..." என்றான். துரை சுற்றிலும் பார்த்தார். "ஆமாங்க தொரை, வெறி நாயிதான்" என்றார்கள் எல்லாரும். கிருஷ்ணம்மாவும் சொன்னாள். துரை துப்பாக்கியைத் தூக்கினார்.

கருப்பாயி நாய்க்கு முன்னால் வந்து நின்றாள். கையில் மண்சட்டி. மூடியைத் திறந்து, சிரட்டையை எடுத்துக் கங்காணி மடியருகே வைத்தாள். காக்கையைத் துரையின் காலடியில் போட்டாள்.

"காலைல என் வாசல்ல இருந்துச்சு தொரை. என் நாயி இதத் திங்கல, காக்கா தின்னுச்சு. கங்காணி இதுல ஒரு வாய் திங்கட்டும். தின்னுட்டாருன்னா நாய நானே வெட்டிப் போடறேன். ஒங்களுக்குத் தோட்டாச் செலவு வேணாம்."

கங்காணி சிரட்டையைப் பார்த்தான். துரையைப் பார்த்தான். நெற்றியெல்லாம் வியர்த்தது.

"சாப்பிடு தங்கராஜு" என்றார் துரை. தோட்டத்தில் பழகிய தமிழ்தான், திருத்தமாகவே இருந்தது. துப்பாக்கி முனையால் சிரட்டையை அவன் பக்கம் தள்ளினார். "நல்ல கறி. சாப்பிடு."

அவன் சாப்பிடவில்லை. நல்ல கையால் துரையின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். லயமே வாயைப் பிளந்து பார்த்தது.

துரை காக்கையைப் பூட்ஸ் முனையால் புரட்டினார். "லாலாங் மருந்து. ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது? உன்னிடம்தானே?" துப்பாக்கிக் கட்டையைத் திருப்பி அவன் தாடையில் ஓங்கி ஒன்று வைத்தார். இரண்டு பல் மண்ணில் விழுந்தது. கருப்பாயிக்காக அவருக்குக் கோபம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய மருந்தைத் தொட்டதற்குத்தான் வந்தது. எதற்காக வந்தாலும், அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. "வண்டியில் ஏற்றுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். என் தோட்டத்துக்குத் திரும்பி வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு, கூழையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மாட்டு வண்டி போன பிறகு கருப்பாயி வாசல் மண்ணை வாரிக் கொட்டி, தண்ணீர் தெளித்தாள். கிருஷ்ணம்மா மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை.

"இருந்தாலும் கருப்பாயி, அம்புட்டு நேரம் ஒம் பேரச் சொல்லித்தானேடி கத்துனாரு. ஒனக்குக் காதுல விழலையா?"

"விழுந்துச்சுக்கா" என்றாள் கருப்பாயி. "கதவு சாத்தியிருந்துச்சு."