குளிரில் கொதித்த வண்டி

எழுமலையிலிருந்து திருமங்கலம் வரைக்கும் யார் பழைய வண்டி எடுப்பதானாலும் முதலில் தவ்பீக்குக்குத்தான் போன் போகும். மதுரை மகபூப்பாளையத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் பைக் கன்சல்டிங் கடை வைத்திருந்தான். ஆனால் தன் கடை வண்டியைத்தான் வாங்க வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. யார் கூப்பிட்டாலும் கூடப் போய் நிற்பான். விடிந்தும் விடியாததுமாகப் போவான். விற்பவர் டீ சொல்லட்டுமா என்பார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நேராக வண்டியிடம் போய் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைப்பான். கை சுட்டால் பேச்சே இல்லை, திரும்பி வந்துவிடுவான். ஆள் வருவது தெரிந்ததும் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது விற்பவர்களின் வித்தை. சூடாக இருக்கும் வண்டி யார் தொட்டாலும் கிளம்பும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்துவிட்டு ஒரே அழுத்தில் எழுந்திருக்கிறதா என்பதுதான் அவனுக்குக் கணக்கு.

வாங்கிய மறுநாளும் விடமாட்டான். காலையில் போன் செய்யச் சொல்லி, இஞ்சின் பக்கத்தில் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்வான். சத்தத்தைக் கேட்டு முடித்ததும், "சரி, இனி ஒன் வண்டி" என்பான். அந்த வார்த்தை வந்த பிறகுதான் வாங்கியவர்களுக்கும் வண்டி தங்களுடையது என்ற நினைப்பு வரும்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் எழுமலை தங்கப்பாண்டி கடைக்கு வந்தான். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருவரும்.

"மாப்ள, அஸ்வினிக்கு வண்டி எடுக்கணும்டா."

"தங்கச்சி ஊருக்கு வருதா? நல்ல ஸ்கூட்டி ஒண்ணு கெடக்கு, பாரு."

"ஊருக்கெல்லாம் வரல. அங்கனயே ஓட்டுறதுக்கு. பனியில போற வண்டி."

தவ்பீக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பனியிலயா? நான் கொடைக்கானலத் தாண்டுனதில்லடா."

"அதையும் சொல்லிப் பாத்துட்டேன். தவ்பீக் அண்ணன் பாத்துச் சொல்லாம எடுக்க மாட்டேங்கிறா. ஒன்னக் கேக்காம நான் எடுத்த டிராக்டரு பட்ட பாட்டப் பாத்தவளாச்சே."

தங்கப்பாண்டியின் தங்கை அஸ்வினி வடக்குக் கனடாவில், ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கும் சிற்றூரில் நர்ஸ். அங்கே இருப்பதே இரண்டு நர்ஸ்கள்தான். ஏரிக்கு அக்கரையில் இன்னொரு சின்ன ஊர், அதற்கும் இவர்களேதான். கோடையில் படகில் போவார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்து கெட்டிப்பட்டதும் அதன் மேலேயே பனிவண்டி. மருத்துவ நிலையத்துக்கு இருந்த ஒரே வண்டியை மூத்த நர்ஸ் எடுத்துப் போய்விட்டால், அஸ்வினி யார் வீட்டுக் கதவையாவது தட்டி உதவி கேட்க வேண்டும். போன மாதம் ஆள் கிடைக்காமல் அக்கரைக்கு இன்சுலின் போய்ச் சேரத் தாமதமானது. அதற்குக் காத்திருந்த ஒரு பெண் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தாள். அன்றே அஸ்வினி சொந்தமாக வண்டி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டாள்.

தங்கப்பாண்டி கடைக்கு வந்த அன்று ராத்திரி அவள் வீடியோவில் வந்தாள். முகத்தில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"அண்ணே, இந்தா பாருங்க, நான் போற ரோடு" என்று போனைத் திருப்பினாள்.

தவ்பீக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். கரு நீலத்தில் ஒரு வெளி, எல்லையே இல்லாமல் கிடந்தது. அதன் அடியில், ஆழத்தில், வெள்ளை வெள்ளையாக விரிசல்கள் மின்னல் மாதிரி நின்றிருந்தன. ஒரு புல் இல்லை, ஒரு கல் இல்லை.

"இதெல்லாம் தரையாம்மா?"

"தண்ணிண்ணே. அம்புட்டும் தண்ணி. லாரியே போகும் இதுமேல."

"நம்ம கம்மா ஒரு நாள் நெறஞ்சா ஊரே போய்ப் பாத்துட்டு வாரோம்" என்றான் தங்கப்பாண்டி, குரலைத் தாழ்த்தி.

"பனி எங்கம்மா? துடைச்சு விட்ட மாதிரியில்ல இருக்கு?"

"காத்து பெருக்கிக்கிட்டே இருக்கும்ணே. ஏரி மேல பனி நிக்காது. கண்ணாடிதான்." பிறகு அவள் குரல் மாறியது. "அண்ணே, இங்க நடுவுல வண்டி நின்னுருச்சுன்னா தள்ளிக்கிட்டு வர முடியாது. மைனஸ் முப்பது, முப்பத்தஞ்சு. வெல கூடப் போனாலும் பரவால்ல. நிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

"நிக்காதும்மா. நான் பாத்துச் சொல்றேன்" என்றான் தவ்பீக்.

அதற்குப் பிறகு ஒரு வாரம், வியாபாரம் ஓய்ந்த நேரமெல்லாம் அவன் பனிவண்டிகளோடு இருந்தான். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பது போல ஒரு ரப்பர் பட்டை. அவள் பக்கத்தில் கிடைப்பவை மூன்று கம்பெனிகள். பெயர்கள் வாயில் நுழையாததால் நிறத்தை வைத்துக் கூப்பிட்டான்.

சிவப்பு விலை குறைவு. நம் பணத்தில் ஆறு லட்சத்துக்குள் முடியும். இஞ்சினைக் குளிர்விக்க ஒரு விசிறி, அவ்வளவுதான். கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். வேகம் கம்மி, சத்தம் ஜாஸ்தி. பல வருஷமாக ஒரே மாதிரி வருகிறது. "நம்ம ஊர் டி.வி.எஸ் மொபெட்டுடா" என்றான் தங்கப்பாண்டியிடம். கறுப்பு பெட்ரோலை மிச்சம் பிடிக்கும், பூனை மாதிரி போகும்; ஆனால் எடை கல் மாதிரி. புதைந்தால் தூக்க நாலு ஆள் வேண்டும். அஸ்வினி தனியாகப் போகிறவள். வெள்ளைதான் விலையில் உச்சம். எடை குறைவு, இழுவை பிரமாதம், பொத்தானைத் தொட்டால் கிளம்பும், நாலு வருஷம் வாரண்டி.

கம்பெனிக்காரன் சொல்வதைத் தவ்பீக் என்றைக்கும் நம்புவதில்லை. பழைய வண்டியை விற்கிறவர்கள் என்ன எழுதுகிறார்கள், ஏன் விற்கிறார்கள் என்றுதான் தேடுவான். சிவப்பை விற்றவர்களில் பாதிப்பேர் கை வலி என்றார்கள். கறுப்பை விற்றவர்கள் இடுப்பு வலி என்றார்கள். வெள்ளையை விற்றவர்களில் பலர் ஒரே குறையைச் சொன்னார்கள். அதைப் படித்ததும் தவ்பீக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாப்ள, இங்க வா. ஹீட் ஆகுதாம்டா!"

"எது?"

"வண்டி. மைனஸ் முப்பதுல வண்டி கொதிக்குதாம். இவய்ங்கள சித்திரை மாசம் ஒத்தக்கட வரைக்கும் ஓட்டச் சொல்லணும்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மதுரை வெயிலில் கொதித்து நின்ற வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். சூடு எங்கிருந்து வரும் என்று அவனுக்குத் தெரியும்: மேலேயிருந்தும் தாரிலிருந்தும் வரும். உறைந்த ஏரியில் அது எங்கிருந்து வரும்? வண்டி ஓட்டத் தெரியாதவர்களின் புலம்பல் என்று அந்தக் குறையைத் தள்ளிவிட்டான். மிச்சத்தை எடை போட்டுப் பார்த்தபோது வெள்ளைதான் நின்றது. "வெள்ளைய எடும்மா. கண்ண மூடிக்கிட்டு எடு" என்று சொல்லிவிட்டான்.

வண்டி மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் லாரியில் அவள் ஊருக்குப் போய் இறங்கியது. மறுநாள் அவளுக்குக் காலை எட்டு மணி. மதுரையில் வெயில் அப்போதுதான் இறங்கியிருந்தது, கடைக்கு முன்னால் தார் இன்னும் நெளுநெளுத்தது. தங்கப்பாண்டி பருத்திப்பால் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது.

"அண்ணே, மைனஸ் முப்பத்தாறு. ராத்திரி முழுக்க வெளியிலதான் கெடந்துச்சு. போடவா?"

"போடும்மா."

தவ்பீக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஒரு முனகல். இரண்டாவது முனகல். பிறகு இஞ்சின் பிடித்துக்கொண்டு சீராக ஓடத் தொடங்கியது. இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ காலைச் சத்தங்களைக் கேட்டிருக்கிறான். ஆனால் டீசல்கூட உறையும் குளிரில் ஓர் இஞ்சின் எழுந்திருப்பதைக் கேட்டபோது அவனுக்கு முன்கை மயிர் நட்டுக்கொண்டது.

"சுப்ஹானல்லாஹ்" என்றான் மெதுவாக. "சரி, இனி ஒன் வண்டி."

"போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்கண்ணே. நான் அக்கரைக்குக் கெளம்புறேன். இன்சுலின் உறஞ்சிறக் கூடாதுன்னு சட்டைக்குள்ள வச்சிருக்கேன்."

போன் துண்டானது. தவ்பீக் பெருமையோடு படங்களைத் தங்கப்பாண்டிக்குக் காட்டினான். வழக்கப்படி அவன் விரல் முதலில் முன்பக்கம் போனது. எந்த வண்டியானாலும் ரேடியேட்டரைப் பார்த்துவிடுவான். தகடு வளைந்திருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா என்று. விரல் தேடியது. முன்னால் இல்லை. பக்கவாட்டில் இல்லை.

"என்னடா தடவிக்கிட்டே இருக்க?"

"ரேடியேட்டர் எங்கடா இருக்கு?"

கம்பெனியின் படத்தை எடுத்துப் பெரிதாக்கினான். குளிர்விக்கும் நீர்க்குழாய் இஞ்சினிலிருந்து பின்னால் ஓடி, சீட்டுக்கு அடியில், ரப்பர் பட்டை சுற்றும் கூட்டின் உட்கூரையில் தகடாகப் பரந்திருந்தது. அங்கே காற்று வராது. பின்னே எது குளிர்விக்கும்? பட்டை சுழலும்போது கீழே இருக்கும் பனியை வாரி மேலே எறியும். அது தகட்டில் பட்டு உருகும். சூட்டை வாங்கிக்கொண்டு வழியும். போகிற வழியையே குடித்துக்கொண்டு போகிற வண்டி.

இப்படியும் யோசிக்க ஒருத்தனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று அவன் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அந்த மலைப்பு அடங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது. பனியைக் குடிக்கும் வண்டி. அவள் போகிற ஏரியில் பனி கிடையாது.

"டேய், கொதிக்கும்டா. அவய்ங்க சொன்னது நெசம்டா. கண்ணாடி ஐஸுல கொதிக்கும்டா."

தங்கப்பாண்டியின் கையில் பருத்திப்பால் அப்படியே நின்றது. தவ்பீக் அவளைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். ஹெல்மெட்டுக்குள் அவளுக்கு எப்படிக் கேட்கும்? நாலாவது தடவை அடிப்பதற்குள் அவளே வந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, செவப்பு லைட்டு எரியுது. ஆப் பண்ணிட்டேன். கரையிலருந்து நாலஞ்சு கிலோமீட்டர் வந்துட்டேன்."

"அம்மா, தப்பு என்னுது. கேட்டுக்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல. அதுக்குப் பனி வேணும். சுத்துமுத்தும் எங்கயாச்சும் பனி கெடக்கா?"

அவள் வீடியோவைப் போட்டுப் போனைத் திருப்பினாள். இருவரும் திரை மீது குனிந்தார்கள். கரு நீல வெளிக்கு மேலே சூரியன் நின்றது. அதற்கு இடப்பக்கம் இன்னொரு சூரியன். வலப்பக்கம் இன்னொன்று. மூன்றையும் ஒரு வெளிர் வட்டம் சேர்த்துக் கட்டியிருந்தது. காற்றில் ஏதோ வெள்ளித் தூள் மினுங்கிக்கொண்டே இருந்தது.

"ஆத்தாடி" என்றான் தங்கப்பாண்டி.

"குளிரு ரொம்ப ஆனா அப்படித் தெரியும்ணே. அத விடுங்க. அங்க ஐஸ் ஒடஞ்சு வரப்பு மாதிரி நிக்குது. அதுல பனி ஒதுங்கியிருக்கு."

"போய் அள்ளிட்டு வா. மருந்துப் பெட்டி மூடி இருக்குல்ல? சீட்டுக்கு அடியில, பட்டைக்கு மேல அப்பணும். நல்லா அழுத்தி அப்பு. கையொறயக் கழட்டிறாத."

போனை அவள் ஐஸ்மேல் வைத்துவிட்டுப் போனாள். திரையில் வானம் மட்டும் இருந்தது. அவளுடைய காலடிகள் நறுக் நறுக்கென்று தூரம் போயின. பிறகு, எங்கோ வெகு தொலைவிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. யாரோ பெரிய இரும்புக் கம்பியை இழுத்து விட்டது போல, அடிவானத்தில் தொடங்கி, ஏரியின் அடியிலேயே ஓடி வந்து, போனைக் கடந்து மறுபக்கம் போனது. கடையில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐஸ் ஒடையுதா?" என்றான் தங்கப்பாண்டி.

காலடிகள் திரும்பி வந்தன. "பயப்படாதீக. ஏரி பேசுதுன்னு சொல்வாக இங்க. குளுருல ஐஸ் சுருங்கும்போது அப்படித்தான் சத்தம் வரும்." அப்பும் சத்தம் கேட்டது. உடனே எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டது போலச் சீறியது. அவள் மறுபடி போனாள், அள்ளினாள், அப்பினாள். சீறல் ஒவ்வொரு தடவையும் குறைந்தது. கடைசியில் சத்தமே இல்லை.

"போடும்மா இப்ப."

இஞ்சின் பிடித்தது.

"லைட்டு?"

"அணஞ்சிருச்சுண்ணே."

"அந்த வரப்ப ஒட்டியே போ. சுத்து வழியானாலும் பனி இருக்கிற பக்கமாவே போ. லைட்டு எரிஞ்சா நிறுத்தி அப்பு. போய்ச் சேந்ததும் சொல்லு."

அவள் போனாள். தவ்பீக் கடையைச் சாத்தவில்லை. விலை கேட்டு வந்த ஓர் ஆளை, "அண்ணே, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினான். பருத்திப்பால் ஆறி ஆடை கட்டியது. தங்கப்பாண்டி எழுந்து ரோடு வரைக்கும் போய்விட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தான்.

"செவப்பையே சொல்லியிருக்கலாம்" என்றான் தவ்பீக், தரையைப் பார்த்தபடி. "அதுக்குக் காத்து போதும். கண்ணாடில ஓடினாலும் கொதிச்சிருக்காது. கை வலியோட போயிருக்கும்."

"நீ ஒத்தக்கட வெயிலக் காட்டிச் சிரிச்சப்ப நானும்தானடா சிரிச்சேன்."

பள்ளிவாசலில் இஷா பாங்கு ஒலித்து அடங்கிய பிறகு குரல் செய்தி வந்தது. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி அப்பினாளாம். மருந்து உறையவில்லை. ஊசி போட்டுவிட்டாள். இன்சுலினுக்குக் காத்திருந்த அந்தப் பெண்ணின் புருஷன் வண்டியைப் பார்த்துவிட்டு, தன் வண்டியின் பின்னாலிருந்து இரண்டு வளைந்த கம்பிகளைக் கழற்றி இதில் மாட்டிவிட்டாராம். ஓடும்போது அவை ஐஸைச் சுரண்டித் தூளாக்கும். அந்தத் தூளைப் பட்டை வாரிக்கொள்ளும். "வண்டி இப்பத்தான் சாப்பிடுதுண்ணே" என்று முடித்திருந்தாள்.

தங்கப்பாண்டி முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். பிறகு, "ஏன் மாப்ள, மொதல்ல கண்ண மூடிக்கிட்டு எடுன்னு சொன்னது யாருடா?" என்றான்.

"ஆறிப்போன பாலக் குடிடா, பேசாம."

மறுநாள் சாயங்காலம் அதே நேரத்துக்குப் போன் வந்தது. அவன் சொல்லாமலே போனை இஞ்சின் பக்கத்தில் வைத்தாள். இரண்டு முனகல், பிறகு சீரான ஓட்டம். தவ்பீக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அந்தச் சத்தத்துக்கு அடியில், வெகு தூரத்தில், ஏரியும் ஒருமுறை பேசியது.

முந்தின நாள் சொன்ன வார்த்தையை அவன் மறுபடியும் சொல்வான் என்று அஸ்வினி காத்திருந்தாள். அது வரவில்லை.

"ஏம்மா, ஏரி எப்ப உருகும்?"

"மே கடைசி ஆகும்ணே."

"அதுவரைக்கும் கெளம்பும்போது ஒருதரம், போய்ச் சேந்ததும் ஒருதரம் கூப்பிடு" என்றான் தவ்பீக். "நேத்துச் சொன்னது கணக்கில்ல. ஏரி உருகட்டும். அப்பறம் அது ஒன் வண்டி."